லெப்பர்டு கெக்கோ வளர்க்க ஆசையா? காஞ்சிபுரம் வெயிலில் கவனிக்க வேண்டியவை என்ன?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறோம். வீட்டுச் சுவரில் பல்லி வந்தாலோ துடைப்பத்தைத் தேடுகிறோம். அந்தப் பல்லிக்குத் தூரத்துச் சொந்தம்தான், செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் லெப்பர்டு கெக்கோ.

நம்ம வீட்டுப் பல்லி மாதிரியா?

இல்லை. இதற்கு இமை உண்டு, சுவரில் ஏறாது. கொழுப்பை வாலில் சேமித்துவைக்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வறண்ட நிலங்கள்தான் பூர்விகம். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும்.

சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். இந்தியக் காடுகளிலும் லெப்பர்டு கெக்கோ இனங்கள் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டிருக்கிறது. அதனால், வாங்கும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள். எங்கே பிறந்தது என்பதற்கு ஆவணம் தராதவரிடம் வாங்காதீர்கள்.

வீடு எப்படி அமைப்பது?

பாலைவனப் பிராணிதானே, வெயில் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். பகல் சூட்டில் அது பொந்துக்குள் பதுங்கிவிடும். 3 அடி நீளத் தொட்டியில் ஒரு முனை 32 டிகிரி, மறுமுனை 25 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வெளிநாட்டு வீடியோக்கள் சூடேற்றுவதைப் பற்றியே பேசும். கத்திரி வெயிலில் நமக்குக் கஷ்டம், அந்தக் குளிர்ந்த முனைதான். மாடி அறை வேண்டவே வேண்டாம். பதுங்க இரண்டு இடம், தோல் உரிக்க ஈரமான ஒரு பெட்டி அவசியம்.

சாப்பாடு?

வளர்ப்புச் சிள்வண்டு, மாவுப்புழு கொடுக்கலாம். கால்சியம் பொடி தூவாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். வீட்டுக் கரப்பான் வேண்டாம், மருந்து பட்டிருக்கலாம்.

குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

ஒரே தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் சண்டைதான். பெண் ஒரு முறைக்குப் பொதுவாக 2 முட்டை இடும். ஒரு பருவத்தில் பல முறை இடும். குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை வெப்பமே தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். 34ஐத் தாண்டினால் மறுபடி பெண்கள் அதிகம். மே மாதத்தில் முட்டையை அறையில் அப்படியே வைத்தால் கருவே அழியலாம். முட்டையைத் திருப்பவும் கூடாது.

நிறத்துக்காக மட்டும் இனப்பெருக்கம் செய்வதும் ஆபத்து. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற மஞ்சள் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோல் கட்டி வருகிறது. அதற்கும் SPINT1 போன்ற ஒரு மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதை 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஜோடி சேர்க்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்: பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித் தொட்டி வேண்டும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லை என்றால், ஒற்றைப் பல்லியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.