‘அப்பா, நம்ம ஓட்டு எங்கே இருக்கு?’

வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுப்பதில் பள்ளிக்கூடங்களில் பெரிய சிக்கல் ஏதும் இருந்ததில்லை. ஆசிரியர் வகுப்பை ஒரு நோட்டம் விடுவார். உயரமான பையன், இல்லாவிட்டால் முதல் மார்க் வாங்கும் பெண். “நீதான் லீடர்” என்பார். தேர்தல் முடிந்தது!

அந்த அரை நிமிடத்தில் பிள்ளைகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். தலைவன் என்பவன் மேலே இருந்து வருகிறவன் என்ற பாடம் அது. மராட்டிய மாநிலத்தில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தேர்தல் நடைமுறை பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. ஆனால், “18 வயது, 5 ஆண்டு, ரகசிய வாக்கு” என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, மறுநாளே மறந்து விடுகிறார்கள்.

இதை மாற்றத்தான் 2018 ஜனவரி 25 அன்று, வாக்காளர் தினத்தில், பள்ளி கல்லூரிகளில் வாக்காளர் கல்விக்கான மன்றங்களைத் தேர்தல் ஆணையம் தொடங்கியது. விளையாட்டாகவே தேர்தலைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் கோலப் போட்டி, பேச்சுப் போட்டி, உறுதிமொழி, ஒரு போட்டோ என்று அதை முடித்துவிடுகிற பள்ளிகளும் உண்டு. உறுதிமொழி எடுக்க ஒரு நிமிடம் போதும். ஓட்டுப் போட்டுப் பார்க்க ஒரு பிரியடாவது வேண்டாமா?

பெயர் இல்லையா, ஓட்டு இல்லை!

வகுப்பில் தேர்தல் நடத்தப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. காலியான சாக்பீஸ் பெட்டி ஒன்று, துண்டுக் காகிதங்கள், ஒரு மூலையை மறைக்கப் பழைய சேலை. வருகைப் பதிவேடுதான் வாக்காளர் பட்டியல்.

வேடிக்கை அங்கேதான் ஆரம்பிக்கும். பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களை ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவிட்டு, “சரிபார்க்க ஒரு வாரம் அவகாசம்” என்று சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தேர்தல் அன்று, விடுபட்ட பையன் வந்து நிற்பான். “டீச்சர், நான் இந்த கிளாஸ்தானே! உங்களுக்கே தெரியுமே!” தெரியும். ஆனால் பட்டியலில் பெயர் இல்லையே! அவன் கண் கலங்கி நிற்பதைப் பார்த்த வகுப்பு, வாக்காளர் பட்டியல் என்றால் என்ன என்பதை ஆயுளுக்கும் மறக்காது. (அவனுக்கு மறுதேர்தலில் ஓட்டு கொடுத்துவிடலாம். பாவம்!)

இது விளையாட்டுக் கதை அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. அப்போது பட்டியல் எடுக்கப் போனவர்களிடம், வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் சேராமல் போயின. அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயரைச் சொல்லப் பழகிக்கொள்வார்கள் என்பது அவருடைய கணக்கு. வகுப்பில் இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மும்பைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. அந்த முதல் தேர்தலுக்கான ஓட்டுப் பெட்டிகளில் பத்து லட்சத்துக்கும் மேல், இதோ பக்கத்தில் இருக்கும் விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலையில் தயாரானவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுதி என்பதால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. அதன் மேல் அவருடைய சின்னம். விரலில் வைக்கும் மை 1962 முதல் மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனத்திலிருந்து வருகிறது. ஓட்டு இயந்திரம் 1982-ல் கேரளத்தில் பரூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது.

மறைப்புச் சேலை இல்லாமல் ஒரு தடவை, சேலையோடு ஒரு தடவை என்று இருமுறை ஓட்டெடுப்பு நடத்தினால் முடிவு மாறக்கூடும். கடைசி பெஞ்சுப் பெரிய பையனுக்கு முதல் முறை கிடைத்த ஓட்டு இரண்டாம் முறை எங்கே போயிற்று? ரகசிய ஓட்டு ஏன் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுப்பாடம்

இதற்குப் பிறகு ஆசிரியர் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தால் போதும். “உங்கள் அப்பா, அம்மா ஓட்டு எங்கே இருக்கிறது? கேட்டு எழுதி வா.”

தாராவியிலும் சயனிலும் தமிழர் குடும்பங்கள் பலவற்றில் பதில் இப்படித்தான் வரும்: “ஊர்லதாம்லே இருக்கு. எங்கே போவுது?”

ஊரில் ஓட்டு, குழாய் இங்கே. தண்ணீர் வராததும், சாக்கடை வழிவதும், பிள்ளை படிக்கிற மாநகராட்சிப் பள்ளியும் இங்கே. மும்பை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. 227 வார்டுகள். ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டிருப்பவர் இதில் வேடிக்கை பார்க்கலாமே தவிர, விரலில் மை வைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் பெயரை எடுத்துவிடவும் கூடாது. இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. பொய்யான உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

ஊர் ஓட்டை விட மனம் வராததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோயில் கொடை, நிலம், உறவு எல்லாம் அங்கே. கடைசிக் காலத்தில் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான். ஆனால் வாடகை அறையில் இருபது வருடம் இருந்ததைத் தற்காலிகம் என்று எத்தனை நாள் சொல்வது? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனார்கள். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்கள் என்று கண்டவர்களின் பெயர்கள் வரைவுப் பட்டியலில் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஓர் இயந்திரத்தை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. கட்சிகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன.

ஆகவே இப்போதைக்கு அப்பா முடிவு செய்தாக வேண்டும். இங்கே மாற்றிக்கொள்வதானால் படிவம் 8. இதுவரை எங்குமே பதியாத அம்மாவுக்குப் படிவம் 6. வீட்டில் 17 வயது நிரம்பிய அண்ணன், அக்கா இருந்தால் அவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 வயது ஆனபின் முதலில் வருகிறதோ, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

படிவம் கொடுத்தபின் பட்டியலைப் பார்க்க வேண்டும் அல்லவா? மராத்தியில் அச்சான பட்டியல். அப்பாவுக்கு மராத்தி பேச வரும், வாசிக்க வராது. பள்ளியில் மராத்தி படிக்கும் பிள்ளைக்கு வரும். அந்த எழுத்தில் ‘அழகம்மாள்’ எப்படி உருமாறியிருக்கிறாள் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, “அம்மா, இது நீதான். ஆனா வயசு தப்பா இருக்கு” என்று ஆறாம் வகுப்புப் பெண் சொன்னால், அதற்கும் அதே படிவம் 8 தான்.