ஒரே மரம், இரண்டு படைகள்!

ஆழ்வார்திருநகரி என்றதும் புளியமரம் நினைவுக்கு வரும். ஆதிநாதர் கோயிலில் உள்ள அந்த மரத்தின் பொந்தில்தான் நம்மாழ்வார் அமர்ந்திருந்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அந்த மரம் இருக்கட்டும். தாமிரபரணிப் பக்கம் சாலையோரம் நிற்கும் சாதாரணப் புளியமரம் ஒன்றைப் பாருங்கள். சில மரங்களின் அடிப்பகுதியில் மண் அப்பியிருக்கும். அதன் மேலேயே கட்டெறும்புகள் சாரை சாரையாக ஏறும்.

மண்ணுக்குள் இருப்பது கறையான். "செல்" என்றும் சொல்வார்கள். "வெள்ளை எறும்பு" என்பது தவறு. கறையான், கரப்பானுக்குச் சொந்தம். எறும்போ குளவிக்குச் சொந்தம். அதுமட்டுமா? எறும்புக்குக் கறையான் இரை!

பிறகு எப்படி ஒரே மரத்தில் வாழ்கின்றன?

கட்டெறும்புக்கு வேலை மேலே. கிளைகளில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் இனிப்பு நீரை வெளியிடும். அதைக் குடிக்கத்தான் இந்த ஓட்டம். கறையானுக்கு வேலை கீழே. காய்ந்த பட்டைதான் அதற்குச் சாப்பாடு.

நடுவே ஒரு கூரை. மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கறையான் கட்டியது. வேலைக்காரக் கறையானுக்குக் கண் தெரியாது. தோல் மெல்லியது, வெயில் பட்டால் காய்ந்து சாகும். அந்தக் கூரைதான் அதன் உயிர்.

குச்சியால் மண்ணைக் கொஞ்சம் தட்டுங்கள். சிப்பாய்க் கறையான்கள் ஓட்டைக்கு ஓடிவந்து காவல் நிற்கும். வேலைக்காரக் கறையான்கள் அவசரமாக மண் வைத்து அடைக்கும். எறும்பு முந்திக்கொண்டால் போச்சு! அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு வளைக்குப் போய்விடும்.

மரத்துக்கு ஆபத்து பட்டையில் அல்ல, வெட்டுக்காயத்தில். கிளை வெட்டிய இடம் பட்டுப்போனால், அதன் வழியே கறையான் உள்கட்டைக்குள் புகும். அங்கே எறும்புப் படை எட்டாது. வெளியே இலை பச்சையாக இருக்கும். உள்ளே மரம் பொந்தாகிக்கொண்டிருக்கும்.