எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பக்கம் சுற்றும் மத்து

பர்கூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி கட்டட வேலைக்காக லட்சத்தீவின் கவரத்திக்குப் போய் வந்தவர். அங்கே கரண்டு பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலில் வந்தாக வேண்டும் என்று சொன்னாராம். "நாலு பக்கமும் அலை ஓயாமல் அடிக்கிற இடத்துக்கு எண்ணெய் சுமந்துகொண்டு போவானேன்? அலையிலேயே கரண்டு எடுக்க முடியாதா?" என்று கேட்கிறார்.

கடல் எட்டிப் பார்க்காத கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். எடுக்க முடியும். நாமே எடுத்தும் இருக்கிறோம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில், 1991-ல், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையினர் 150 கிலோவாட் நிலையம் ஒன்றை நிறுவினார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 5 எச்.பி. போர் மோட்டார்கள் நாற்பதை ஒரே நேரத்தில் ஓட்டும் திறன். உலகில் இப்படிப்பட்ட நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. முயற்சியை முன்னின்று நடத்திய பேராசிரியர் எம். ரவீந்திரன்தான், 1993-ல் சென்னையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானார்.

டைனமோ சுற்றினால் கரண்டு வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அலை அதைச் சுற்றவைப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதை எனக்குப் புரியவைத்தது எங்கள் அப்பாவின் துருத்தி.

மத்தூரில் எங்களுக்குக் கொல்லுப்பட்டறை இருந்தது. கொழுவும் மண்வெட்டியும் வரும். கல் உடைப்பவர்கள் மழுங்கிய உளிகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். பள்ளி விட்டு வந்ததும் துருத்தி போடுவது என் வேலை. தூக்கினால் அடிப்பலகையில் இருக்கும் தோல் மூடி திறந்து காற்று உள்ளே வரும். அமுக்கினால் மூடி 'டப்' என்று அடைத்துக்கொள்ள, காற்று குழாய் வழியே உலைக்குப் பாயும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தத் தோல் துண்டு காய்ந்து விறைத்துவிட்டால் துருத்தி வெறும் பை. அதனால் அமாவாசைக்கு அமாவாசை அப்பா அதைக் கழற்றி, கரி துடைத்து, விளக்கெண்ணெய் தடவி மாட்டுவார்.

விழிஞ்ஞத்தில் இருந்ததும் ஒரு துருத்திதான். சுமார் 3000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கட்டி, மிதக்கவிட்டு இழுத்துவந்து, அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் உட்காரவைத்தார்கள். பெட்டியின் முன்பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். அலை ஏறும்போது உள்ளே நீர் உயர்ந்து, மேலே அடைபட்ட காற்றை உச்சியிலுள்ள துளை வழியே வெளியே தள்ளும். அலை இறங்கும்போது அதே துளை வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தத் துளையில்தான் டர்பைன். கடல்நீர் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை. மூச்சுக்காற்றுதான் வேலை செய்கிறது.

இங்கேதான் சிக்கல். மூச்சு இரு பக்கமும் போகிறது. கரண்டு போன நேரத்தில் எதிர்க்காற்று அடித்தால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் தலைகீழாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் காற்றாடியை அந்தத் துளையில் வைத்தால், மோர் கடையும் மத்து மாதிரி ஐந்து விநாடி இப்படி, ஐந்து விநாடி அப்படி என்று திரும்பித் திரும்பிச் சுற்றும். மோருக்கு அது போதும், கரண்டுக்கு ஆகாது. தோல் மூடி மாதிரி வால்வுகள் வைத்துக் காற்றை ஒருவழிப் பாதையில் விடலாம். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் திறந்து மூடும் வால்வு ஒரு நாளைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் தடவை அடிவாங்க வேண்டும், அதுவும் உப்புக் காற்றில்.

1970-களின் பிற்பகுதியில், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் இதற்கு ஒரு விடை கண்டார். வால்வே வேண்டாம், கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பக்கம் சுற்றும் மத்தைச் செய்துவிடுவோம் என்பதுதான் அது. அதற்கு வெல்ஸ் டர்பைன் என்றே பெயர். விழிஞ்ஞத்தில் வைத்ததும் அதைத்தான். நான் படித்தறிந்த இயந்திரங்களில் என்னை இந்த அளவுக்குக் கட்டிப்போட்டது வேறொன்றில்லை.

ஃபேன் இறக்கையைச் சாய்த்து மாட்டியிருப்பார்கள். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை அந்தச் சாய்வுதான் முடிவு செய்கிறது. வெல்ஸ் இறக்கைக்குச் சாய்வே கிடையாது. வருகிற காற்றுக்குக் குறுக்கே மட்டமாக நிற்கும். அதன் குறுக்குவெட்டு, மேலிருந்து பார்த்த கெண்டை மீன் மாதிரி: தலை தடிப்பு, வால் கூர்மை, இரண்டு பக்கமும் ஒரே வளைவு. பார்த்தால் இது எப்படிச் சுற்றும் என்றுதான் தோன்றும்.

மழையில் மொபெட் ஓட்டியவர்களுக்கு இது புரியும். நின்றால் தலையில் நேராக விழுகிற மழை, வண்டி ஓடும்போது எதிரிலிருந்து சாய்வாக முகத்தில் அடிக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைக்கும் அப்படித்தான். கீழிருந்து வரும் காற்று அதற்கு முன்-கீழிலிருந்தும், மேலிருந்து வரும் காற்று முன்-மேலிலிருந்தும் சாய்வாக வருகிறது. விமான இறக்கையைத் தூக்குகிற அதே விசை, வந்த காற்றுக்குச் செங்குத்தாக எழுந்து, சற்றே முன்பக்கம் சாய்ந்து நிற்கும். முன்னோக்கிய அந்தச் சிறு பங்குதான் இறக்கையை இழுத்துப் போகிறது. காற்று மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்தப் பங்கு முன்னோக்கியேதான் இருக்கும். கடல் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் சக்கரம் ஒரே பக்கம் ஓடும்.

குறையும் உண்டு. வண்டி நின்றால் மழை நேராகத்தான் விழும். அதுபோல நின்றுபோன வெல்ஸ் டர்பைன் தானாகக் கிளம்பத் திணறும், முதலில் யாராவது சுற்றிவிட வேண்டும். காற்று அளவுக்கு மீறி வந்தால் இழுவை அறுந்து தடுமாறும். சத்தமும் அதிகம்.

விழிஞ்ஞத்துக் கரண்டு கேரள மின்வாரியத்தின் கம்பிகளுக்குப் போனது. டர்பைன்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். 2004 வாக்கில் அந்த அலைக் கரண்டிலேயே கடல்நீரைக் குடிநீராக்கியும் காட்டினார்கள். தென்மேற்குப் பருவமழையில் கொழுத்துவரும் அலை, மார்கழி, தை மாதங்களில் மெலிந்துவிடும். கரண்டும் அப்படியே ஏறி இறங்கியது. யூனிட் விலையைப் பார்த்தார்கள், கட்டுப்படி ஆகவில்லை. நிலையம் மூடப்பட்டது. இன்று விழிஞ்ஞம் என்றால் 2025 மே மாதம் திறக்கப்பட்ட பெரிய சரக்குத் துறைமுகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

அந்த யூனிட் விலை சரியான தராசு இல்லை என்பது என் எண்ணம். கம்பி ஏற்கெனவே ஓடுகிற பெருநிலக் கரையில் வைத்து, நிலக்கரிக் கரண்டோடு விலை பேசினால் அலை தோற்கத்தான் செய்யும். டீசல் கப்பலில் வரும் தீவில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கவரத்தியில் இப்போது சூரிய மின்சாரமும் பேட்டரியும் வந்துவிட்டன, நல்லது. ஆனால் மேகம் மூடி சோலார் சோம்பிப்போகும் ஜூன், ஜூலையில்தான் அந்தக் கடலில் கப்பல் போக்குவரத்தும் தடுமாறும், அலையும் உச்சத்தில் இருக்கும். சூரியன் கைவிடும் மாதத்தில் கைகொடுப்பது அலை. இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் விவேகம்.

வெளிநாட்டுத் தீவுகளிலும் அலையில் கரண்டு எடுத்துப் பார்த்தார்கள். அசோரஸின் பிக்கோ தீவில் 1999-லும், ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 2000-லும் நிலையங்கள் வந்தன. பிக்கோ நிலையத்தின் ஒரு பகுதி 2018-ல் இடிந்து கடலில் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் கிங் தீவில் 2021-ல் நிறுவிய 200 கிலோவாட் நிலையத்தில், வெல்ஸ் வேண்டாமென்ற வால்வையே திரும்பக் கொண்டுவந்தார்கள். காற்றை வால்வுகள் வழியே வெளியே விட்டுவிட்டு, உள்ளே இழுக்கும் மூச்சில் மட்டும் டர்பைனை ஓட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அப்பாவின் தோல் மூடிதான் கண்முன் வந்தது. ஸ்பெயினின் மூத்ரிகுவில் அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே 16 சிறு டர்பைன்களை வைத்து, 2011-லிருந்து கரண்டு எடுக்கிறார்கள். ஒன்று நின்றால் மற்றவை ஓடும்.

நம்மிடமும் முயற்சி நின்றுவிடவில்லை. 2022 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சிந்துஜா-1' தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அப்பால் மிதந்து கரண்டு தந்தது. செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நமக்கு வராத பழக்கம், செய்ததை வைத்துக் காப்பாற்றுவது. திறப்புவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம். பத்தாவது வருடம் துரு சுரண்டவும் பேரிங் மாற்றவும் பணமும் ஆளும் ஒதுக்குவதில்லை. கடலில் நிற்கும் இயந்திரத்துக்கு முதல் எதிரி புயல் இல்லை, உப்பு. அது விடுமுறை எடுப்பதில்லை.

பர்கூர் வாசகரே, உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: அலையிலிருந்து கரண்டு எடுக்கும் வித்தை நமக்குத் தெரியும். அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரே ஒரு சிறு தீவில், ஒரே ஒரு நிலையம் போதும். ஆனால் அதைக் கட்டுகிற பணத்தோடு இருபது வருடப் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் நாலு பேரையும், அந்தத் தீவுப் பிள்ளைகளில் நாலு பேரையும் அதற்கென்றே பழக்குங்கள். எங்கள் அப்பா ஒரு தோல் துண்டுக்காக ஓர் அமாவாசையையும் தவறவிட்டதில்லை. அவருடைய துருத்தி முப்பது வருடம் ஓடியது.