சிட்டிகை உப்பும் ஒரு மாதம் கழித்துக் கேட்ட கேள்வியும்

உங்கள் வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரை அழையுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகிய மூன்றாலும் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு எடுத்துத் தனித்தனிக் காகிதத்தில் வைக்கச் சொல்லுங்கள். பத்துக் குவியல்களும் ஒரே அளவாக இருக்கின்றனவா? இருக்கவே இருக்காது!

குழம்பில் இந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் ஒரு குழந்தையின் உயிரே அந்தச் சிட்டிகையைப் பொறுத்திருந்தால்? 1980களில் வங்காளதேசத்துக் கிராமங்களில் இதுதான் நிலைமை.

உப்போடு சர்க்கரை எதற்கு?

கடுமையான வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் உடலிலிருந்து நீரும் உப்பும் வேகமாக வெளியேறுகின்றன. நாக்கு வறள்கிறது, கண்கள் குழி விழுகின்றன. இதையே நீரிழப்பு என்கிறோம். இது முற்றினால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாதா? போதாது. சிறுகுடலின் சுவரில் உள்ள செல்களில் ஒரு வாசல் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அந்த வாசல் திறக்கும். அவை உள்ளே சென்றதும் தண்ணீரும் பின்தொடரும். காலரா நோயிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை என்பது நமது அதிர்ஷ்டம்!

1968இல் டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரு மருத்துவர்கள் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தக்குழாய் வழியே ஏற்றவேண்டிய திரவத்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. 1971இல் போரின்போது இந்திய எல்லையில் இருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. அங்கே ஏற்றுவதற்குத் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் துணிந்து கரைசலைக் குடிக்கவே கொடுத்தார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அது ஆற்றுக்கு அப்பால் உள்ள குடிசைக்கு எப்படிப் போய்ச் சேரும்? அங்கே ஆஸ்பத்திரி இல்லை. மருந்துக் கடையும் இல்லை.

வீடு வீடாக ஒரு பள்ளிக்கூடம்

1972இல் ஃபஸ்லே ஹஸன் அபேத் தொடங்கிய 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் ஒரு வழி கண்டது. உப்பும் வெல்லமும் ஏழை வீட்டிலும் இருக்கும். வெல்லத்தில் உள்ள சர்க்கரை குடலில் பிரிந்து குளுக்கோசைத் தரும். ஆகவே அரை சேர் தண்ணீர், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று கணக்கு வகுத்தார்கள். 1980 முதல் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, நினைவில் வைக்க வேண்டிய பத்துக் குறிப்புகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். தாயின் கையாலேயே கரைசலைக் கலக்க வைத்தார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பயனில்லை. ஆகையால் தாய்மார் கலக்கிய கரைசலின் மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் இதை நல்ல தொண்டு என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கலாம். இதற்கு அடுத்துச் செய்ததுதான் புதுமை. சுமார் ஒரு மாதம் கழித்து வேறொருவர் அதே ஊருக்குப் போவார். பாதையோரத்து வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பமாட்டார். குலுக்கல் முறையில் எந்த வீடு வந்ததோ அந்த வீட்டுக்குப் போவார். "பத்துக் குறிப்புகளையும் சொல்லுங்கள், கரைசலைக் கலக்கிக் காட்டுங்கள்" என்று தாயிடம் கேட்பார். தாய் சரியாகச் செய்தால் சொல்லிக்கொடுத்த ஊழியருக்கு ஊதியம் கூடும்; தவறினால் குறையும். தேர்வு எழுதியவர் தாய், மதிப்பெண் பெற்றவர் ஆசிரியர்! வேடிக்கையாக இல்லையா?

குறை யாரிடம்?

பெரும்பாலான தாய்மார் நன்றாகவே கற்றிருந்தார்கள். ஆனால், "குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தீர்களா?" என்று கேட்டபோது ஏமாற்றமே மிஞ்சியது. மிகச் சில வீடுகளில்தான் கொடுத்திருந்தார்கள்.

'படிப்பறிவு இல்லாத மக்கள், என்ன சொல்லி என்ன?' என்று கைகழுவியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை, காரணத்தைத் தேடினார்கள். ஊழியர்களிடமே, "உங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பலர் மாத்திரையை நாடியது தெரியவந்தது. தனக்கே நம்பிக்கை இல்லாததைப் பிறருக்கு எப்படி நம்பவைப்பது? எனவே ஊழியர்களை வயிற்றுப்போக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கரைசல் குடித்து நோயாளிகள் எழுந்து உட்காருவதைக் கண்ணால் காண வைத்தார்கள்.

இன்னொரு காரணமும் தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதன்பின் சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். கரைசலின் பயன்பாடு உயர்ந்தது. 1990க்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்தப் பாடம் சென்றடைந்தது.

1970களில் வங்காளதேசத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தனர். இன்று அந்த எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழ். தடுப்பூசி, உணவு, பெண் கல்வி எனப் பல காரணங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. உப்புக் கரைசலும் அவற்றில் முக்கியமான ஒன்று.

கற்கும் அமைப்பு

தான் செய்யும் மருத்துவத்தைத் தானே அளந்து, அதிலிருந்து பாடம் கற்று, அடுத்த குழந்தைக்கு இன்னும் நன்றாகச் செய்யும் ஏற்பாட்டை இன்று 'கற்கும் சுகாதார அமைப்பு' என்கிறார்கள். இந்தக் கற்றலுக்கு முடிவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் கரைசலின் உப்பு, சர்க்கரை அளவைக் குறைத்தது. குறைந்த அளவில் வாந்தியும் பேதியும் குறைவதைச் சோதனைகள் காட்டியிருந்தன. 2004இல் துத்தநாகத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. இன்று கடையிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்புக்கரைசல் பொட்டலம்தான் பாதுகாப்பானது. உறையில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். குழந்தை சோர்ந்து போனாலோ குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் உலகில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை வீட்டுக் குழந்தைகள். நூறு வீடுகளில் தொண்ணூறு வீடுகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தால் கணக்கு நன்றாகத்தான் தெரியும். மீதிப் பத்து வீடுகள் எங்கே இருக்கின்றன, ஏன் விடுபட்டன என்று கேட்டால்தான் நீதி பிறக்கும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ சோப்புப் போட்டுக் கை கழுவக் கற்றுக்கொடுங்கள். ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கவனியுங்கள். அவர்கள் கழுவவில்லையென்றால் கோபப்படாதீர்கள். சோப்பு அவர்களுக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் தினமும் கழுவுகிறீர்களா என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்!