கருக்கலைப்பு: சட்டம் தந்ததும் மாவட்டம் தருவதும்

இந்தியாவில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல் வேறு எதற்காகக் கருவைக் கலைத்தாலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவின்படி அது குற்றம். கலைத்தவரோடு கலைத்துக்கொண்ட பெண்ணும் தண்டனைக்குரியவர். அந்தப் பிரிவு ஒழிந்துபோகவில்லை. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆவது பிரிவாக இன்றும் இருக்கிறது. 1971 சட்டம் கொடுத்தது அதிலிருந்து ஒரு விலக்குதான். விலக்கும் மருத்துவரின் கருத்தைச் சார்ந்தே கிடைக்கிறது. பெண் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் உரிமையாக அது எழுதப்படவில்லை.

1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையே இச்சட்டத்துக்கு அடிப்படை. திருட்டுத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் சாவதைத் தடுப்பது குழுவின் கவலை. மக்கள்தொகைக் கட்டுப்பாடு அக்காலத்து அரசின் கவலை. இவற்றுக்கெல்லாம் நாற்பது ஆண்டுகள் முன்பே, ஈரோட்டில் தொடங்கிய ‘குடிஅரசு’ இதழின் வழியே பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தினார். நாட்டின் வறுமைக்காகவோ தாயின் உடல்நலத்துக்காகவோ மட்டும் அதை ஆதரித்தவர்களிடமிருந்து அவர் விலகி நின்றார். பெண்ணின் விடுதலைக்கு அது வேண்டும் என்றார். அவர் பேசியது கருத்தடையைப் பற்றி. ஆனாலும் முடிவெடுக்க வேண்டியவர் பெண் என்ற அந்த வாதத்துக்கு டெல்லி வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரையுள்ள கருவைக் கலைக்க ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். வல்லுறவுக்கு ஆளானவர்கள், 18 வயது நிறையாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பத்தின்போது கணவரை இழந்தவர்கள், விவாகரத்து பெற்றவர்கள் முதலானோருக்கே இந்தக் கூடுதல் காலம். சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பம் பற்றிய விதியில் ‘மணமான பெண்’, ‘கணவர்’ என்றிருந்தவை ‘பெண்’, ‘துணைவர்’ என மாறின. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் 24 வார வரம்பை மணமாகாத பெண்களுக்கும் விரித்தது. இச்சட்டத்தைப் பொறுத்தவரை கணவர் செய்யும் வல்லுறவும் வல்லுறவே என்றது.

அதே 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை தந்த 1973ஆம் ஆண்டின் ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பை ரத்துசெய்ததும், அங்கே கருக்கலைப்பு மாநில அரசியலின் பொருளானது. பழமைவாதிகள் மிகுந்த கன்சாஸில்கூட ஆகஸ்ட் வாக்கெடுப்பில் மக்கள் உரிமையைக் காத்துக்கொண்டார்கள். இந்தியாவில் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவரை நியமிப்பது, பயிற்சி கொடுப்பது, மாத்திரை வாங்குவது, தனியார் மருத்துவமனைக்கு அனுமதி வழங்குவது எல்லாம் மாநிலத்தின் வேலை. ஆகவே இங்கே உரிமை பறிபோவது சட்டமன்றத்தில் அல்ல, பெரும்பாலும் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்துக்கு அப்பால்.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் ஒன்றே போதும் என்கிறது சட்டம். “வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?” என்பது மருத்துவமனையின் வழக்கம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் வந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து சிறாரைக் காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்ல வேண்டுமென்பதால் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தகவலில் சிறுமியின் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. கதவு மூடினால் மாத்திரைதான் வழி. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களின் தரவை வைத்துச் செய்த ஆய்வு மதிப்பிட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே பெண் சிசுக்கொலையின் நினைவும் சேர்ந்து வரும். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அதனால்தான். ஸ்கேனில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் வேறு, கருக்கலைப்புச் சட்டம் வேறு. முதலாவது தண்டிப்பது பாலினம் கண்டறிவதை. இரண்டையும் போட்டுக் குழப்பி, கலைக்க வரும் ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகப்படுவது ஸ்கேன் சென்டரில் நடக்கும் குற்றத்துக்குப் பெண்ணைத் தண்டிப்பதாகும்.

விசைத்தறி ஊர்களான சோமனூர், பல்லடம் பக்கம் இதில் கூலிப் பிரச்சினையும் உண்டு. மகப்பேறு நல விதிகளின்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட தொழிலாளிக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ.யிலும் அதே ஆறு வாரப் பலன் உண்டு. நூற்பாலையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பதிவேட்டில் பெயருள்ள பெண் இதைக் கேட்கலாம். பத்துப் பேர்கூட இல்லாத விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவருக்கு இந்தச் சட்டங்கள் எட்டுவதில்லை. ஒருநாள் தறி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. விசைத்தறிக் கூலி உயர்வுக்குப் பலமுறை போராடிய இந்தப் பகுதியில், இந்த விடுப்பும் ஒரு கோரிக்கையாகலாம்.

உள்ளூரில் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் கைக்கெட்டுபவை. அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்பதால், பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் இருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே 12 வாரம் வரை கலைக்கலாம். அப்படிப்பட்டவர் எங்கே இருக்கிறார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்தப் பக்கத்துச் சூலூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் கிராம சபையிலும், கருமத்தம்பட்டி நகராட்சியில் பகுதி சபையிலும் கேட்கலாம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் மாநிலத்தில் இந்தக் கேள்வி அரிதாகவே எழுவது வியப்புக்குரியது.

அதிகம் பேர் அறியாத வாய்ப்பு இன்னொன்று உண்டு. தனியார் மருத்துவமனைகளுக்கு அனுமதி தருவது மாவட்டக் குழு. தலைவரையும் சேர்த்து மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட அக்குழுவில் மருத்துவர்களோடு தொண்டு நிறுவனத்தாரும் ஊராட்சி அமைப்பினரும் உறுப்பினராகலாம் என்றும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் 2003 விதிகள் சொல்கின்றன. குழுவின் காலம் இரண்டு ஆண்டு. அதில் யார் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கும் மகளிர் அமைப்புக்கு அங்கே இடம் கிடைக்க வழியிருக்கிறது.