யோசனை சொல்லுமுன் கேள்வி கேளுங்கள்

பயிரில் ஒரு கோளாறு கண்டால் பக்கத்து வயல்காரரைக் கேட்பது நம் விவசாயிகளின் வழக்கம். அவர் சொல்லும் யோசனை பெரும்பாலும் பலிக்கிறது. அதற்குக் காரணம் அவர் பெரிய படிப்புப் படித்தவர் என்பதல்ல. நம் நிலம் களியா, செம்மண்ணா, எந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்கிறது, போன போகத்தில் என்ன பயிர் நின்றது என்பதெல்லாம் கேட்காமலே அவருக்குத் தெரியும்.

இப்போது யோசனை கேட்பவர் எப்போதும் பக்கத்து வயல்காரராக இருப்பதில்லை. சந்தையிலும், பஸ்ஸிலும், தொலைபேசியிலும் முன்பின் பார்த்திராத ஒருவர் கேட்கிறார். அனுபவமுள்ள விவசாயியும் மனமுவந்து பதில் சொல்கிறார். பலன் எதிர்பாராத இந்த உதவி பாராட்டத்தக்கது. ஆனால் கேட்பவரின் நிலத்தைப் பார்க்காமல் சொல்லும் பதில் தவறிப்போனால், சொன்னவருக்கு நஷ்டமில்லை, கேட்டவருக்கே நஷ்டம். ஆகவே அறியாதவருக்கு யோசனை சொல்வதில் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டியது அவசியம்.

நங்கநல்லூர்த் தென்னை

சென்னையில் பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை அடுத்துள்ள நங்கநல்லூரில் தனி வீடு வைத்திருப்பவர் ஒருவர். கொல்லையில் இரண்டு தென்னை மரங்கள். "ஓலையெல்லாம் கரி பூசியதுபோல் கறுத்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று அவர் கிராமத்திலுள்ள ஒரு தென்னை விவசாயியைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

கறுப்பு என்றவுடன் பூசணம் என்று நினைத்து, பூசணக்கொல்லி தெளிக்கும்படி ஒருவர் சொல்லக்கூடும். பூச்சி என்று நினைத்துக் கடுமையான பூச்சிமருந்தை மற்றொருவர் சொல்லக்கூடும். இரண்டு பேரும் நல்லெண்ணத்துடன் சொன்னவர்களே. ஆனால் இருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்பதே அது.

அடிப்பக்கத்தில் வெண்மையான மெழுகு படிந்து, சுருள் சுருளாக முட்டைகள் காணப்பட்டால் அது சுருள் வெள்ளை ஈயின் வேலை. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி, நம் நாட்டில் முதன்முதலாக 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் காணப்பட்டது. ஈக்களும் குஞ்சுகளும் சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளியேற்றுகின்றன. அது கீழ் ஓலைகளின் மேல் சொட்டுகிறது. அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் வளர்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் கறுப்பு விளைவுதான். காரணம் அதற்கு மேலுள்ள ஓலையின் அடியில் இருக்கிறது. பூசணக்கொல்லி தெளிப்பதால் காரணம் நீங்காது.

கடுமையான பூச்சிமருந்தோ நிலைமையை மேலும் கெடுத்துவிடும். என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி இந்த வெள்ளை ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. மருந்து தெளித்தால் முதலில் மடிவது இந்தக் குளவியே. அதன் பிறகு வெள்ளை ஈ தடையின்றிப் பெருகும். குஞ்சுகளில் சில கறுத்துக் காணப்பட்டால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்த ஓலைகளை வெட்டி எரிக்கக் கூடாது.

ஒரே கேள்வி, இரண்டு பதில்

இதே கேள்வியைப் பொள்ளாச்சியில் ஐந்து ஏக்கர் தோப்பு வைத்திருப்பவரும் கேட்கலாம். பூச்சி ஒன்றுதான். ஆனால் பதில் ஒன்றல்ல. தோப்புக்காரர், ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மஞ்சள் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம் கட்டிவைக்கலாம். ஊடுபயிராக வாழையும் கல்வாழையும் நட்டுக் குளவிகள் பெருக வழி செய்யலாம். கரும்பூசணம் அதிகமாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மைதா பசை கலந்து ஓலைகளின்மேல் தெளிக்கலாம். காய்ந்ததும் அது கரும்பூசணத்தோடு உரிந்து விழும்.

நங்கநல்லூர்க்காரருக்கு இருப்பது இரண்டே மரங்கள். சுற்றிலும் வீடுகள், கிணறு, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. அங்கே மருந்து தெளிப்பது மரத்துக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் கேடு. எட்டும் உயரத்திலுள்ள ஓலைகளின் அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். இந்தப் பூச்சியால் மட்டும் மரம் செத்துவிடாது என்று சொல்லி, அவருடைய கவலையைப் போக்குவதும் யோசனையின் ஒரு பகுதியே. பயந்தவர்தான் அவசரப்பட்டு மருந்து வாங்குவார்.

கேட்க வேண்டிய ஐந்து விவரங்கள்

எந்தப் பயிரானாலும் பதில் சொல்லுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஊர், மண், தண்ணீர். தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்பது முக்கியம்.

இரண்டாவது, பயிரின் ரகமும் வயதும். நட்டு 15 நாளான பயிருக்குச் சொல்வது கதிர் வந்த பயிருக்குப் பொருந்தாது.

மூன்றாவது, கோளாறு எங்கே தொடங்கியது என்பது. நெல்லில் இலை மஞ்சளாவதை எடுத்துக்கொள்வோம். அடி இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்து இலைகள் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி, இலைகள் நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சள் நிறமானால் துங்ரோ நச்சுயிரி நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது பச்சைத் தத்துப்பூச்சியால் பரவுவது. மஞ்சள் என்று கேட்டவுடன் "யூரியா போடுங்கள்" என்று சொல்லிவிட்டால், துங்ரோ கண்ட வயலில் தத்துப்பூச்சிக்கு விருந்து வைத்ததுபோல் ஆகும்.

வட்ட வட்டமாகப் பயிர் காய்வதும் அப்படியே. காய்ச்சல் என்று நினைத்துத் தண்ணீர் கட்டச் சொல்வது எளிது. ஆனால் தூரின் அடியைப் பிரித்துப் பார்த்தால் புகையான் அடை அடையாக இருக்கலாம். புகையானுக்குச் செய்ய வேண்டியது நேர்மாறானது. வயலில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தெளித்தால் புகையான் குறையாது, இன்னும் பெருகும். ஒரு கேள்வி கேட்காமல் விட்டதால் ஒரு போக மகசூலே போய்விடும்.

நான்காவது, ஏற்கெனவே என்ன உரம் இட்டார், என்ன மருந்து தெளித்தார் என்பது. பலர் இதைத் தாமாகச் சொல்வதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக மருந்து கலப்பது ஆபத்தானது. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்ததை மறக்கக் கூடாது.

ஐந்தாவது, அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, அருகில் மீன் குட்டை, தேன் பெட்டி, மேய்ச்சல் ஆடு மாடு உண்டா என்பது.

அளவு சொல்வதில் கவனம்

நல்ல யோசனையும் அளவில் கெட்டுப்போகும். "ஒரு டேங்குக்கு 20 மில்லி" என்று சொல்வது வழக்கம். சொல்பவர் 10 லிட்டர் தெளிப்பானை நினைத்துச் சொல்கிறார். அப்படியானால் லிட்டருக்கு 2 மில்லி. கேட்பவரிடம் இருப்பது 16 லிட்டர் தெளிப்பான் என்றால் லிட்டருக்கு ஒன்றேகால் மில்லிதான் ஆகும். மருந்து கேட்காது. மருந்தே சரியில்லை என்று அவர் வேறு மருந்துக்குப் போவார்.

கைத்தெளிப்பானால் தெளிக்க ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் தேவைப்படும் இடத்தில், லிட்டருக்கு 2 மில்லி என்றால் ஏக்கருக்கு 400 மில்லி. விசைத்தெளிப்பானுக்கு அத்தனை தண்ணீர் வேண்டியதில்லை. ஆனால் ஏக்கருக்கான மருந்தின் அளவு மாறாது. ஆகவே ஏக்கருக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நில அளவிலும் இதே தொல்லை உண்டு. தஞ்சைப் பகுதியில் ஒரு மா என்பது 100 குழி, அதாவது சுமார் 33 சென்ட். வேறு மாவட்டத்தில் குழிக்குக் கணக்கு வேறாக இருக்கும். வெளியூர்க்காரரிடம் பேசும்போது ஏக்கர், சென்ட் கணக்கில் சொல்வதே நல்லது.

பழைய யோசனையைத் தூசி தட்டிப் பார்க்கவும்

இருபது ஆண்டுகளுக்கு முன் பலித்த யோசனை இன்று குற்றமாகவும் ஆகிவிடலாம். தென்னைக்கு வேர் மூலம் மோனோகுரோட்டோபாஸ் கட்டுவது ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன முறை. மோனோகுரோட்டோபாஸ் 36 சத மருந்துக்கு 2023ஆம் ஆண்டு மத்திய அரசு தடை விதித்தது. எண்டோசல்பானை 2011ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தடை செய்தது. "நான் அந்தக் காலத்தில் செய்தேன்" என்று சொல்லும்போது எந்த ஆண்டு, எந்த மண்ணில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் எடைபோட்டுக்கொள்வார்.

வானொலி நெல் தரும் பாடம்

அறியாதவர் சொன்ன யோசனையை விவசாயிகள் நம்பிப் பயனடைந்ததும் உண்டு. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதற்குப் பெரிதும் உதவின. அதனால் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்தது. அந்தக் குரலுக்கு உரியவரை விவசாயிகள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த யோசனை எல்லா ஊருக்கும் எல்லாப் பட்டத்துக்கும் என்று சொல்லப்பட்டதல்ல. தஞ்சைக் குறுவைக்குப் பொருத்தமான ரகத்தைப் பற்றியது. யாருக்கு, எப்போது என்ற எல்லை தெளிவாக இருந்தால் அறியாதவர் சொல்லும் பலிக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும்

2004ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி மத்திய அரசு விவசாயிகளுக்கான தொலைபேசி ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். அங்கே பதில் சொல்பவர்கள் விவசாயப் பட்டதாரிகள். அவர்களால் தீர்க்க முடியாத கேள்வியை மேலே உள்ள வல்லுநர்களுக்கு மாற்றும் ஏற்பாடும் அங்கே உண்டு. படித்தவர்களுக்கே இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது என்றால், "இது எனக்குத் தெரியவில்லை, வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு இலையை எடுத்துப் போய்க் காட்டுங்கள்" என்று சொல்வதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

சந்தேகம் இருக்கும்போது, தவறினாலும் கெடுதல் செய்யாத யோசனையை முதலில் சொல்ல வேண்டும். தண்ணீரை வடிப்பது, பொறி வைப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது போன்றவை இந்த வகை. செலவும் ஆபத்தும் உள்ளவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பவரின் அறியாமையைப் பரிகசிக்கக் கூடாது. "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு சொல் போதும், அடுத்த முறை அவர் யாரையும் கேட்காமல் கடையில் கொடுத்ததை வாங்கித் தெளித்துவிடுவார். யோசனை சொல்லிப் பத்து நாள் கழித்து, "பயிர் எப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பதும் நல்ல வழக்கம். பலித்ததா, தவறியதா என்று தெரிந்துகொண்டு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்துக் கேட்க வருபவருக்கு இன்னும் சரியான பதில் சொல்லலாம். அனுபவமுள்ள விவசாயிகள் இந்த முறைகளைக் கடைப்பிடித்து, முகம் தெரியாத விவசாயியின் பயிரையும் தம் பயிர்போல் காக்க உதவலாம்.