கிதார்ப் பெயர்களும் பெயரிலக்கணமும்

பெயர்ச்சொற்கள் இடுகுறி என்றும் காரணம் என்றும் பாகுபடும் என்பது நன்னூல் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த பாடம். அப்பாடத்திற்கு மரம், பறவை, நாற்காலி என்பவற்றையே தலைமுறை தலைமுறையாக எடுத்துக்காட்டி வருகின்றோம். இக்காலத்து மாணவர் உள்ளம் கவர்ந்த பொருளொன்றை எடுத்துக்கொண்டால் பாடமும் இனிக்கும், பயனும் விளையும் எனக் கருதி, மின்கிதாரின் பெயர்களை ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு முடிந்த மேடையில் மெல்லிசைக் குழுவும் ஏறுகின்றது. அம்மேடையில் கிதார் வாசிக்க விழையும் இளைஞர் பலர் விசைத்தறியையும் மானாவாரி நிலத்தையும் நம்பிய வீட்டுப் பிள்ளைகள். தந்தையார் சேர்த்துத் தந்த தொகையைப் பெயரை மட்டும் பார்த்துக் கடையில் கொடுத்துவிட்டால், மீண்டும் அத்தொகை சேரச் சில ஆண்டுகள் ஆகும்.

'கிதார்' என்ற சொல் கிரேக்கத்துக் 'கிதாரா'விலிருந்து அரபு, ஸ்பானிய மொழிகளின் வழியே வந்தது என்பர். அதன் உறவுக் கருவியாகிய 'லூட்' என்பதன் பெயர் 'அல் ஊத்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஊத் என்றால் மரம். நிற்க.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பார் உள்ளீடற்ற கூடு இன்றி, திண்ணிய பலகையாலேயே உடல் அமைந்த கிதாரை 1950-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். இரண்டு பிக்கப் உடையதற்குப் 'பிராட்காஸ்டர்' எனப் பெயரிட்டார். வானொலி ஓங்கியிருந்த காலம் அது. ஆனால், கிரெட்ஷ் என்ற நிறுவனம் தன் முரசுகளுக்கு அதே ஒலியுடைய பெயரை முன்னரே வைத்திருந்தமையால் அப்பெயரைக் கைவிட நேர்ந்தது. இடைப்பட்ட சில திங்கள் கருவிகளில் நிறுவனப் பெயர் மட்டுமே இருந்தது. பிற்காலத்தார் அவற்றுக்குப் 'பெயரிலி' என்னும் பொருள்பட 'நோகாஸ்டர்' என்றே பெயர் சூட்டிவிட்டனர்! 1951-இல் தொலைக்காட்சியை நினைவூட்டும் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் நிலைத்தது. 1954-இல் வந்த 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' வானின் மேலடுக்கைக் குறிக்கும் சொல்லை முன்னொட்டாகக் கொண்டது. இவை காரணப்பெயர் போலத் தோன்றினும், கருவியின் இயல்பு எதனையும் கூறாமையின் இடுகுறி என்றே கொள்ளத்தகும். அவர் 1951-இல் செய்த பேஸ் கிதாரின் பெயரோ உண்மையான காரணப்பெயர். மெட்டுகள் பதித்திருந்தமையால் சுருதி பிசகாமல் வாசிக்கலாம். ஆகவே துல்லியம் எனப் பொருள்படும் 'பிரிசிஷன்'.

கிப்சன் நிறுவனத்தார் 1952-இல் வெளியிட்ட கருவிக்கு 'லெஸ் பால்' என்ற இசைக்கலைஞரின் பெயரே பெயராயிற்று. 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்பது போன்ற ஆகுபெயர் இது. 1961-இல் அக்கருவியின் உருவம் முற்றிலும் மாறியது. பெயர் மட்டும் சிறிது காலம் ஒட்டிக்கொண்டிருந்து பின்னர் நீங்கியது. அந்தப் புதிய உருவமே இன்று 'எஸ்.ஜி.' எனப்படுகின்றது. பழைய உருவம் 1968-இல் மீண்டும் வந்தபோது பழைய பெயரும் உடன் வந்தது. 1936-ஆம் ஆண்டின் 'இ.எஸ். 150' இன்னும் வேடிக்கையானது. 'இ.எஸ்.' என்பது மின்சார ஸ்பானிய வகை என்பதன் சுருக்கம். எண்ணோ ஒலிபெருக்கியுடன் சேர்த்து அதன் விலையாகிய ஏறத்தாழ 150 டாலர். எண்ணலளவை ஆகுபெயருக்கு இதனைக் காட்டினால் மாணவர் மறக்கமாட்டார்.

பெயரைக் கடந்து உறுப்புகளை நோக்கும்போதுதான் வேற்றுமை புலப்படும். காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளே பிக்கப். எஃகு நரம்பு அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கி ஒலியாக்குகின்றோம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று. ஒலி தெளிவானது, எனினும் மின்கம்பிகளின் இரைச்சலையும் அச்சுருள் பற்றிக்கொள்ளும். லெஸ் பாலில் 1957 முதல் இரட்டைச் சுருள் அமைந்தது. இரண்டு சுருள்களும் எதிரெதிராக அமைவதால் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, நரம்பின் ஒலி மட்டும் திரண்டு வரும். இரைச்சலை எதிர்ப்பது என்ற பொருளில் 'ஹம்பக்கர்' என்பது அதன் காரணப்பெயர்.

கழுத்து உடலோடு சேரும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஃபெண்டர் திருகாணியால் பூட்டினார். கிப்சன் பசையிட்டுப் பொருத்தியது. தஞ்சாவூர் வீணையில் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணை என்றும், குடமும் தண்டியும் தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணை என்றும் நம்மவர் பெயரிட்டது இதே வேறுபாட்டைக் கருதியன்றோ! வீணைப் பெயர் உள்ளமைப்பைச் சொல்லிவிடுகின்றது. கிதார்ப் பெயர் சொல்வதில்லை. மேலும், நரம்பின் அதிரும் நீளம் ஃபெண்டரில் 25½ அங்குலம், கிப்சனில் ஏறத்தாழ 24¾ அங்குலம். ஒரே நரம்பை ஒரே சுருதிக்குக் கூட்டினால் நீளமானதில் இறுக்கம் மிகும். விரலுக்கு அது தெரியும்.

பெயர் மட்டும் எஞ்சிக் கருவி மறைந்தால் என்னாகும் என்பதற்கு யாழே சான்று. பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புக் கணக்கு உரைகளில் கிடைக்கின்றது. மகரயாழுக்கு 19 என்பாரும் 17 என்பாரும் உளர். எண்ணிப் பார்த்துத் தீர்க்கக் கருவி இல்லை. விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியான தம் 'யாழ் நூல்' வழியே இலக்கியத்தையும் கணக்கையும் கொண்டு அவற்றை மீட்டெடுக்க முயன்றார். கிதார் வாங்குவோர்க்கு அத்தொல்லை இல்லை. கருவி கையில் இருக்கின்றது.

ஆகவே கடையில் நிற்கும் மாணவர் தலைப்பகுதியில் உள்ள எழுத்தை இரண்டாகப் பிரித்துப் படிக்கவேண்டும்: செய்தவர் பெயர் ஒன்று, வடிவின் பெயர் மற்றொன்று. 'ஸ்குவையர்' என்றிருப்பது ஃபெண்டரின் விலை குறைந்த வரிசை. 'எபிஃபோன்' என்றிருப்பது 1957 முதல் கிப்சனுக்கு உரிய பெயர். இவற்றிலும் ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால் ஆகிய வடிவங்கள் உண்டு. அவை போலிகள் அல்ல, விலைதான் வேறு. 'ஐபனேஸ்' என்பது ஸ்பானியப் பெயர் தாங்கிய ஜப்பானிய நிறுவனம். கல்கத்தாவில் செய்யப்பெறும் 'கிவ்சன்' கிப்சன் அன்று. ஓரெழுத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

பெயரைப் படித்தபின் கழுத்து வளைந்துள்ளதா என நீளவாக்கில் ஒரு கண்ணால் நோக்குக. ஒவ்வொரு மெட்டிலும் நரம்பை அழுத்தி ஒலி இரைகின்றதா எனக் கேட்க. பிருடைகள் வழுக்காமல் நிற்கின்றனவா, ஒலிபெருக்கியில் இணைத்தால் எல்லாப் பிக்கப்பும் பேசுகின்றனவா என ஆராய்க. விலையைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே.